செக்கர் வாங்கிய பல்பு

எங்கள் தெருவில் செக்கர் எதிரே வந்தால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அவர் யாரையும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஓய்வு பெற்றுவிட்டார். இருந்தாலும் அவர் கண் அப்படி. டிக்கெட் எங்கே என்று அந்தக் கண் கேட்கும். நம் கை தானாகப் பைக்குப் போகும்.

பணியில் இருந்த காலமெல்லாம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்தவர். தூங்குவது போல நடிப்பவன், ஜன்னல் பக்கம் திரும்பி இயற்கையை ரசிப்பவன், போனில் பேசுவது போல உதட்டை அசைப்பவன் என்று எல்லோரையும் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டுக்கு வரும் விருந்தாளியைக்கூட வாசலில் நிறுத்தி, “எங்கேர்ந்து வர்றீங்க? எங்க போகணும்?” என்று கேட்ட பிறகுதான் உள்ளே விடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பழக்கதோஷம்.

அவருடைய மனைவியே அவரிடம் மாட்டியவர்தான். கல்லூரிக்குப் போகிற வயதில் பஸ்ஸில் அந்த அம்மாவின் கையிலிருந்த டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த நாலு பேர் சாட்சி சொன்னார்கள். செக்கர் மசியவில்லை. அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். ஆறு மாதம் கழித்துப் பெண் கேட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே வந்து நின்றார்.

“அன்னைக்கு அபராதம் கட்டினேன், அப்புறம் அவரைக் கட்டிக்கிட்டேன். எனக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல” என்பார் அந்த அம்மா. செக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். காது மட்டும் சிவக்கும்.

அந்த வீட்டு மாடியில் நான் ஏழெட்டு வருடம் குடியிருந்தேன். அந்த அம்மாவைத் தெருவே கோழியக்கா என்று கூப்பிடும். வீட்டின் பின்னறையில் அவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் செய்துவந்தார். பழைய மர பீரோ ஒன்றை எடுத்து, உடுப்புத் தட்டுகளுக்குப் பதில் கம்பி வலைத் தட்டுகள் வைத்து, மூலைக்கு ஒன்றாக நூறு வாட் குண்டு பல்புகள் நாலு மாட்டியிருந்தார். அடியில் ஒரு தட்டில் தண்ணீர். கதவில் பதித்த கண்ணாடி வழியாக உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தெரியும். சூடு கூடினால் பல்புகள் தாமே அணையும், குறைந்தால் தாமே எரியும். முப்பத்தேழரை டிகிரி. அதற்குக் கீழே போனால் அக்காவுக்கு முகம் வாடும், மேலே போனால் வியர்க்கும். தெர்மாமீட்டரைப் பார்க்கவே வேண்டாம், அக்காவைப் பார்த்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகு செக்கருக்குப் பொழுது போகவில்லை. பிடிப்பதற்கு ஆள் இல்லை. பால்காரரின் அளவைப் பிடித்தார், பேப்பர்காரரின் நேரத்தைப் பிடித்தார், கடைசியில் அக்காவின் முட்டைகளை எண்ண ஆரம்பித்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அக்கா, நூலகத்தின் பின்கூடத்தில் சனிக்கிழமை தோறும் வீட்டு மின்சாரம் பற்றி வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

“எனக்கெதுக்கும்மா இந்த வயசுல கரண்ட் படிப்பு?”

“உங்களுக்கில்லைங்க, எனக்கு. சனிக்கிழமை சாயங்காலமாவது முட்டைங்க நிம்மதியா இருக்கட்டும்.”

வகுப்பெடுத்தது ஒரு எலெக்ட்ரீஷியன் பெண். செக்கருக்கு மகள் வயதுகூட இருக்காது. முதல் நாள் அவள் பலகையில் ஒரு பஸ்ஸைத்தான் வரைந்தாளாம்.

“ஸ்டாப்புல கூட்டம் முண்டியடிக்குது இல்லையா, அந்த நெருக்குதல்தான் வோல்டேஜ். படிக்கட்டுல ஏறி உள்ள போறாங்களே, அந்த ஓட்டம்தான் கரண்ட், ஆம்பியர். படிக்கட்டுல ஒருத்தர் குறுக்க நின்னுக்கிட்டு யாரையும் சுலபமா விடாம மறிக்கிறார்னு வைங்க. அவர்தான் தடை. அதை ஓம்ல அளக்கணும்.”

செக்கர் எழுந்து நின்று, “அந்த வேலையிலதான்மா நான் முப்பது வருஷம் இருந்தேன்” என்றார். கூடம் சிரித்தது. அன்றிலிருந்து அவளை டீச்சரம்மா என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். தன்னை ஒருவர் பலகையில் வரைந்து பாடம் நடத்தியது அவருக்கு அதற்குமுன் நடந்ததில்லை.

கணக்கு அவருக்குப் பிடித்துப்போனது. வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் தடை. வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது அந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது. மூன்றில் இரண்டு தெரிந்தால் மீதியைப் பிடித்துவிடலாம். பிடித்துவிடலாம் என்ற சொல்லே அவருக்குப் போதுமாயிருந்தது. ஒரு மல்டிமீட்டர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய டிக்கெட் பஞ்ச் இருந்த அதே பை. சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் பையிலிருந்து எட்டிப் பார்க்கும்.

நாலாவது சனிக்கிழமை அவர் வகுப்புக்குக் கிளம்பினார், போய்ச் சேரவில்லை. வழியில் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் யாரோ தெரிந்தவருக்கு டிக்கெட் கிழிக்காமல் தலையை மட்டும் ஆட்டியதைப் பார்த்துவிட்டார். ஓய்வு பெற்றது ஒரு நொடி மறந்துபோயிற்று. டெப்போ வரைக்கும் போய்ப் புகார் சொல்லி, அங்கே இருந்த புதிய அதிகாரிக்கு எப்படி விசாரிக்க வேண்டும் என்று பாடமும் எடுத்துவிட்டுத் திரும்பியபோது வகுப்பு முடிந்திருந்தது. அந்த ஒரு வகுப்பு போனதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று அவர் நினைத்தார்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியாத செக்கர், வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தி விசாரிக்கத் தொடங்கினார். முதலில் இஸ்திரிப் பெட்டி. ப்ளக்கின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். ஐம்பத்து மூன்று ஓம். வீட்டுக்கு வருவது இருநூற்று முப்பது வோல்ட். வகுத்தால் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கினால் ஆயிரம் வாட். பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். ஆயிரம் வாட் என்றே போட்டிருந்தது.

“நாணயமான பெட்டி” என்று அதைத் தட்டிக்கொடுத்தார். தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பியும் அப்படியே சொன்னபடி நடந்தது. அக்கா குஞ்சுகளைக் கொடுக்க வெளியூர் போயிருந்தார். வீட்டில் தடுப்பார் இல்லை. செக்கர் பின்னறைக்குப் போனார். பீரோவில் இருந்து ஒரு பல்பைக் கழற்றினார். ஆறட்டும் என்று துணியில் வைத்துக் காத்திருந்து, பிறகு மீட்டரை வைத்தார்.

நாற்பது ஓம்.

மறுபடி வைத்தார். நாற்பதுதான். இருநூற்று முப்பதை நாற்பதால் வகுத்தார். ஐந்தே முக்கால் ஆம்பியர். வோல்டேஜால் பெருக்கினார். ஆயிரத்து முன்னூறு வாட்டுக்கு மேல்! பல்பின் தலையில் என்ன எழுதியிருக்கிறது? நூறு. நூறு என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஆயிரத்து முன்னூறைத் தின்கிறது. நாலு பல்புக்கு இருபத்து மூன்று ஆம்பியர். வீட்டு ஃபியூஸோ பதினைந்துதான் தாங்கும்.

என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார். குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல, முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு பெரிய ஆளைப் பிடித்ததில்லை என்ற பரவசத்தில்.

“தம்பி, இந்த வீடு எப்பவோ பத்தி எரிஞ்சிருக்கணும்!”

“ஆனா எரியலையே சார்.”

“அதான் எனக்கும் சந்தேகம். இருபத்து மூணு ஆம்பியர் போயும் ஃபியூஸ் போகலைன்னா, ஃபியூஸும் உடந்தைன்னு அர்த்தம்.”

எனக்கு மின்சாரம் தெரியாது. ஃபியூஸ் யாருக்கும் உடந்தையாக இருக்குமா என்றும் தெரியாது. அவர் சொன்ன வேகத்தில் நம்பித் தொலைத்தேன்.

ஒரே ஒரு பல்பை மட்டும் பீரோவில் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பொட்டலம் கட்டிக்கொண்டு, குடையோடு தெருமுனை எலெக்ட்ரிக் கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். பல்பு விற்பார், ஒயர் விற்பார், ஆனால் அதற்குள் என்ன ஓடுகிறது என்று தலையைப் போட்டு உடைத்துக்கொண்டது கிடையாது. கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் உட்பட பத்துப் பேர் இருந்தார்கள்.

“நூறு வாட்னு சொல்லி என்கிட்ட எதை வித்தீங்க?” என்றார் செக்கர். பஸ்ஸில் கேட்கிற அதே தொனி.

“நூறு வாட்தான் அண்ணே.”

செக்கர் மீட்டரை வைத்துக் காட்டினார். கணக்கைச் சத்தமாகப் போட்டார். கடைக்காரர் வேறு கம்பெனி பல்பு எடுத்து நீட்டினார். அதுவும் மாட்டியது. அறுபது வாட் எடுத்தார், நாற்பது வாட் எடுத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அலமாரியில் இருந்த அத்தனை குண்டு பல்புகளும் டிக்கெட் இல்லாத பயணிகள்!

கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. என்னையும் சேர்த்துல்ல ஏமாத்தியிருக்கானுங்க!” என்று பல்புகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லி, கடையைப் பாதி இழுத்து மூடினார். செக்கர் தம்முடைய மூன்று பல்புகளையும் சாட்சிப் பொருளாக அங்கேயே ஒப்படைத்தார். ஒதுங்கியிருந்தவர்கள் மழையையும் பொருட்படுத்தாமல் செய்தியைத் தெருவுக்குள் கொண்டுபோனார்கள்.

அக்கா வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னறைக்குப் போனவர் போட்ட சத்தம் எனக்கு மாடியில் கேட்டது.

“என்னங்க! முப்பத்தோரு டிகிரி காட்டுதே! பல்பெல்லாம் எங்க?”

பீரோவில் ஐம்பது முட்டைகள், பொரிப்பதற்கு ஒரு வாரமே பாக்கி. செக்கர் நிதானமாக, ஒரு பெரிய விபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றியவரின் பெருமையோடு, கணக்கைச் சொன்னார். அக்கா முழுதும் கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு போர்வையை எடுத்துப் பீரோவின் மேல் போர்த்தினார்.

“சரி. இஸ்திரிப் பெட்டி எத்தனைன்னு சொன்னீங்க?”

“ஆயிரம்.”

“பல்பு?”

“ஆயிரத்து முன்னூறு.”

“அப்போ பல்புதானே அதிகமா சுடணும்? இத்தனை வருஷமா எதுக்குங்க நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கிட்டு மாரடிக்கிறேன்? ஒரு பல்பைக் கொளுத்தி உங்க சட்டை மேல உருட்டியிருப்பேனே!”

செக்கர் இஸ்திரிப் பெட்டியை மறுபடி புரட்டி, ஆயிரம் என்று போட்டிருந்த இடத்தைப் பார்த்தார்.

அக்கா அவருக்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறிச் சமையலறை பல்பைக் கழற்றினார். கூடத்து பல்பு, குளியலறை பல்பு, என் அறையில் நான் படித்துக்கொண்டிருந்த பல்பு எல்லாம் இறங்கின. “மன்னிச்சுக்க தம்பி, உனக்கு இருட்டு ஒண்ணும் செய்யாது, அதுங்களுக்குச் செய்யும்” என்றார். அறுபதும் நாற்பதுமாகக் கலந்து கிடைத்ததையெல்லாம் பீரோவில் மாட்டினார். மாட்ட இடம் போதாமல் ஒரு ஹோல்டரை ஒயரோடு உள்ளே தொங்கவிட்டார். வீடு முழுக்க இருட்டு. பீரோ மட்டும் ஜெகஜோதியாக நின்றது. மூன்று பேரும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தோம், சினிமா பார்ப்பது போல.

முள் மெல்ல ஏறியது. முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. செக்கர் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை, ஃபியூஸ் பெட்டி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அது சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருத்தல் அவரைக் குடைந்தது என்று நினைக்கிறேன்.

“தம்பி, ஒரு பஸ்ஸுல எத்தனை பேர் போறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவ?” என்றார் திடீரென்று.

“எண்ணிப் பார்ப்பேன் சார்.”

“எப்போ எண்ணுவ?”

“ஓடும்போதுதான்.”

“நான் ஷெட்ல நிக்கிற பஸ்ஸுல ஏறி எண்ணியிருக்கேன்” என்றார். குரலில் காற்று இறங்கியிருந்தது.

எழுந்து ப்ளக்கைப் பிடுங்கினார். அக்கா முறைத்தார். “ரெண்டே நிமிஷம்மா” என்று கெஞ்சி, ஒயரின் நடுவில் மீட்டரை இணைத்து, நூறு வாட் பல்பை மட்டும் விட்டு மறுபடி ப்ளக்கைச் சொருகினார். பல்பு எரிந்தது. மீட்டரில் வந்த எண்ணை வாசிக்க அவர் கண்ணாடியை ஒருதரம் துடைத்துக்கொண்டார். புள்ளி நாற்பத்து மூன்று ஆம்பியர். அரைகூட இல்லை. இருநூற்று முப்பதை அதனால் பெருக்கினார். தொண்ணூற்றொன்பது வாட்டுக்குச் சில்லறை குறைவு. வகுத்தார். ஐந்நூற்று முப்பத்தைந்து ஓம்.

“நாப்பது எங்க, ஐந்நூத்து முப்பத்தஞ்சு எங்க?” என்று முணுமுணுத்தார். பிறகு ப்ளக்கைப் பிடுங்கிய கையோடு மீட்டரை ஓம் பக்கம் திருப்பி, பல்புக்குப் போகும் ஒயர் முனைகளில் வைத்தார். அதை நானும் பார்த்தேன். எண்கள் விறுவிறுவென்று இறங்கின. தொண்ணூறு, எழுபது, ஐம்பத்தைந்து. பல்புக்குள் சுடச்சுட இருந்த இழை ஆற ஆறத் தடையும் கூடவே இறங்கி, நாற்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆறிக் கிடக்கும் பல்பு வேறு, எரிகிற பல்பு வேறு. எரியும்போதுதான் அது நூறு வாட் பல்பு.

“அவன் டிக்கெட் வெச்சிருந்தான்மா” என்றார் செக்கர், அக்காவைப் பார்த்து.

“யாரு?”

“பல்பு.”

“சரி, இப்போ மத்ததையும் மாட்டுங்க. முட்டை ஆறிடும்.”

மறுநாள் சனிக்கிழமை. வகுப்புக்கு முன்னதாகவே போய் டீச்சரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டாளாம். “இழை சூடானா தடை பன்னிரண்டு பதிமூணு மடங்கு ஏறிடும் சார். இஸ்திரிப் பெட்டிக் கம்பி வேற ஜாதி, அது அவ்வளவா மாறாது. நீங்க வராத அன்னைக்குத்தான் இதைச் சொன்னேன்” என்றாள். அந்தக் கண்டக்டரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை பிடித்த காரியம். யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் கடைக்குப் போய்க் கிசுகிசுத்துவிட்டு வந்திருக்கலாம். அக்காவும் அப்படித்தான் சொன்னார். செக்கர் கேட்கவில்லை. “பத்துப் பேர் முன்னால பிடிச்சேன். பத்துப் பேர் முன்னாலதான் விடணும்” என்று, ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் நெரிகிற நேரம் பார்த்துப் போனார். இஸ்திரி போட்ட சட்டை. பையில் மீட்டர்.

“உங்க பல்புல தப்பில்லை. நான்தான் அணைஞ்ச பல்பை அளந்துட்டேன். தப்பு என் மேலதான்” என்றார், கடைசி ஆள் வரை கேட்கும்படி.

கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. “அப்போ என் பல்பு நல்ல பல்பாண்ணே?”

“நல்ல பல்பு. நூறுன்னா நூறு.”

கடைக்காரர் மூச்சு விட்டார். ஒட்டிக் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மேசை மேல் கவிழ்க்காத குறையாகப் பல்புகளை எடுத்து வைத்தார். பிறகு, பயம் தெளிந்த மனிதருக்கு வருகிற தைரியத்தில், “கடைசியில எங்க கடையில பல்பு வாங்குனது நீங்கதானா அண்ணே!” என்றார்.

கடை வெடித்தது. செக்கர் காது சிவந்தது. ஒரு கணம் நான் பயந்துபோனேன். ஆனால் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பற்கள் எல்லாம் வரிசையாக, ஒழுங்காக இருந்தன.

முட்டைகள் குறித்த நாளுக்கு மறுநாள்தான் விரிசல் விட்டன. ஐம்பதில் நாற்பத்தொன்று பொரித்தது. அக்கா எப்போதும் எதிர்பார்ப்பதைவிட இரண்டோ மூன்றோதான் குறைவு. பொரிக்காத முட்டைகளைச் செக்கரே எடுத்துத் தோட்டத்தில் புதைத்தார். யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தவர், பீரோவுக்குள் ஒயர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் பார்த்து, அவற்றைப் பிரித்து ஒழுங்காக மாற்றிக் கட்டினார். கதவு இடுக்கில் துணி அடைத்து, இப்போது மூன்று பல்பே போதும் என்று அளந்து காட்டினார். எரியும்போதுதான் அளந்தார். அக்கா நாலாவதையும் மாட்டிவைத்தார், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. அதைப் பற்றி இருவருக்கும் பல நாள் வாக்குவாதம் நடந்தது.

சில மாதம் கழித்து அக்கா ஒரு அடைக்கோழி வாங்கி வந்தார். பன்னிரண்டு முட்டையை வயிற்றுக்கடியில் அடக்கிக்கொண்டு அது ஒரு கூடையில் உட்கார்ந்தது. செக்கர் முக்காலி போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டார். கோழி அவரைப் பார்த்தது. அவர் கோழியைப் பார்த்தார்.

“என்னங்க யோசனை?” என்றார் அக்கா.

“இது எத்தனை வாட்டா இருக்கும்னு பார்க்கிறேன்.”

“எப்படிப் பார்ப்பீங்க?”

“அதான் தெரியல. வோல்டேஜும் இல்லை, ஆம்பியரும் இல்லை.” கொஞ்சம் முன்னால் குனிந்தார். கை சட்டைப் பைக்குப் போயிற்று. சிவப்பு வயர் வெளியே வந்தது.

“தொட்டீங்கன்னா கொத்தும்” என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்பைக் கவனிக்கப் போனார். கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டது. செக்கர் வயரைச் சுருட்டி மறுபடி பையில் போட்டுக்கொண்டு, முக்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார்.